வரலைன்னா யாராவது தேடுவாங்களா?

எங்க அண்ணன் ரெண்டு வருஷம் தினமும் சாயங்காலம் வாலிபால் கிரவுண்டுக்கு போயிட்டு வந்தார். சுவத்தோரமா இருக்குற பெஞ்சுல உக்காந்து ஆட்டத்தை பார்ப்பார், பாயிண்ட் விழுந்தா கை தட்டுவார், பந்து வெளிய ஓடினா எடுத்து போடுவார், போற வர்றவங்க எல்லாம் அவரை பார்த்து சிரிப்பாங்க, சில பேர் தோள்ல தட்டிட்டு போவாங்க. வீட்டில எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி, பரவால்ல, நாலு பேரோட பழகுறார், யாரும் ஒதுக்கலைன்னு. அப்புறம் ஒரு தடவை காய்ச்சல் வந்து 15 நாள் அவர் போகல. என்னாச்சுன்னு ஒருத்தர் கூட கேக்கல. அந்த பசங்க மேல எனக்கு கோவம் இல்ல, நல்ல பசங்க தான், ஆனா அவர் வரலைங்கறதே அவங்களுக்கு தெரியல, ஏன்னா வந்தப்பவும் அந்த ஆட்டத்துல அவருக்குன்னு ஒரு வேலை இல்ல.

அன்னைக்கு தான் இன்க்ளூஷன்ங்கற வார்த்தை எனக்கு உண்மையிலேயே புரிஞ்சுது. தமிழ்ல உள்ளடக்குதல், ஒருங்கிணைப்புன்னு எல்லாம் சொல்றாங்க, நான் எளிமையா "சேர்த்துக்கிறது"ன்னே சொல்றேன். ஒருத்தரை உள்ள விடுறது வேற, சேர்த்துக்கிறது வேற, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை பத்தி தான் எழுதப்போறேன்.

அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வர்ற ஒரு குரோமோசோம் வித்தியாசம், அதனால அவருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கு. வயசு 38. நான் தங்கச்சி, அவரை விட 5 வருஷம் சின்னவ. வீட்டில அவரை வாடா போடான்னு தான் பேசுவேன், அது கூடப்பொறந்த உரிமை, ஆனா இங்க அவர்னு எழுதுறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல அறிவுசார் குறைபாடுன்னா என்னன்னு பார்த்துடுவோம், ஏன்னா நிறைய பேர் இதை மனநோயோட போட்டு குழப்பிக்கிறாங்க. மனநோய் யாருக்கும் எந்த வயசுலயும் வரலாம், மருந்து சிகிச்சைன்னு பார்த்து குணமாகவும் செய்யலாம். இது அப்படி இல்ல. இது பிறக்கும்போதோ வளர்ற வயசுலயோ தொடங்குறது. புதுசா ஒண்ணை கத்துக்கிறது, யோசிச்சு முடிவு எடுக்குறது, காசு, நேரம், பயணம், அடுத்தவங்க பேச்சோட உள்ளர்த்தம், இந்த மாதிரி அன்றாட விஷயங்கள்ல மத்தவங்களை விட கூடுதல் நேரமும் துணையும் தேவைப்படும். ஐக்யூ கிட்டத்தட்ட 70க்கு கீழன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, ஆனா அந்த நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல, அன்றாட வாழ்க்கையில அவருக்கு எதுல எவ்வளவு துணை வேணும்னு பார்க்குறது தான் இப்போ முக்கியமா இருக்கு. நூறு பேர்ல ஒருத்தருக்கு, சில இடங்கள்ல அதை விட கொஞ்சம் அதிகமா, இது இருக்கு. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறது லேசான அளவு தான், பார்த்தா தெரியவே தெரியாது. காரணங்கள் நிறைய, டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் வித்தியாசங்கள், கர்ப்ப காலத்துல வர்ற தொற்று, பிரசவத்துல குழந்தைக்கு ஆக்சிஜன் குறையறது, அயோடின் பத்தாம போறது. பல பேருக்கு காரணமே கண்டுபிடிக்க முடியறதில்ல. ஆட்டிசம் வேற விஷயம், ஆனா ரெண்டும் சேர்ந்தே இருக்குறவங்களும் உண்டு.

இன்னொண்ணு. "வளர்ந்துட்டாரே தவிர மனசளவுல 5 வயசு குழந்தை தான்"னு அன்பா சொல்லுவாங்க, தயவு செஞ்சு அப்படி சொல்லாதீங்க. எங்க அண்ணன் 38 வருஷம் வாழ்ந்திருக்கார். அப்பா சாவை பார்த்திருக்கார், கூடப்படிச்ச பொண்ணு கல்யாணம் ஆகி போனதை பார்த்திருக்கார், என் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில என் கட்டில்ல வந்து உக்காந்து ரொம்ப நேரம் பேசாம இருந்திருக்கார். அஞ்சு வயசு குழந்தைக்கு இதெல்லாம் ஏது. கணக்கு வராதுங்கறதுக்காக வாழ்ந்த வருஷங்கள் இல்லாம போயிடாது.

இப்போ கொஞ்சம் பழைய கதை. இருபதாம் நூற்றாண்டுல ரொம்ப காலம் வரைக்கும் பல பணக்கார நாடுகள்ல இப்படி ஒரு குழந்தை பிறந்தா டாக்டரே பெத்தவங்ககிட்ட "பெரிய விடுதி இருக்கு, அங்க விட்டுடுங்க, மறந்துட்டு அடுத்த குழந்தையை பாருங்க"ன்னு சொல்றது சாதாரணம். நியூயார்க்ல வில்லோபுரூக்னு ஒரு இடம், 4,000 பேருக்காக கட்டினது, 1960கள்ல அதுல 6,000 பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்க. 1972ல ஒரு டிவி ரிப்போர்ட்டர் கேமராவோட உள்ள போய் அங்க இருந்த நிலைமையை அப்படியே காட்டினதுக்கு அப்புறம் தான் நாடே அதிர்ந்துச்சு, அதுக்கப்புறமும் அதை முழுசா மூட 1987 ஆச்சு. ஊருக்கு வெளிய, மதில் சுவருக்கு உள்ள, யார் கண்ணுலயும் படாம இருந்ததால தான் அத்தனை வருஷம் அது நடந்துச்சு.

இதே காலத்துல வேற மாதிரி யோசிச்சவங்களும் இருந்தாங்க. டென்மார்க்ல நீல்ஸ் எரிக் பாங்க் மிக்கெல்சன்னு ஒரு அதிகாரி, 1959ல வந்த சட்டத்துக்கு பின்னாடி இருந்தவர், இவங்க வாழ்க்கை மத்தவங்க வாழ்க்கைக்கு எவ்வளவு பக்கத்துல இருக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல இருக்கணும்னார். ஸ்வீடன்ல பெங்ட் நிர்யேன்னு ஒருத்தர் 1969ல அதை இன்னும் விளக்கமா எழுதினார், எனக்கு அது ரொம்ப பிடிக்கும், ஏன்னா அவ்வளவு சாதாரணமான விஷயங்கள். ஒரு நாளுக்குன்னு ஒரு தாளம் இருக்குல்ல, காலையில எழுந்து உடை மாத்தி கிளம்பறது, தூங்குற இடமும் வேலை செய்யுற இடமும் பொழுதுபோக்குற இடமும் தனித்தனியா இருக்குறது, வாரத்துல வேலை நாள் லீவு நாள்னு இருக்குறது, வருஷத்துல விசேஷங்கள் பயணம்னு வர்றது, வயசுக்கு தகுந்த மாதிரி வாழ்க்கை மாறறது, ஆம்பளையும் பொம்பளையும் இருக்குற உலகத்துல இருக்குறது, தன் விருப்பத்தை சொன்னா அதை ஒருத்தர் காது குடுத்து கேக்குறது. விடுதியில வயசு வந்தவங்களை சாயங்காலமே படுக்க வைக்கிறது ஊழியர்களோட ஷிப்ட் வசதிக்காகன்னா அது அவங்க நாள் இல்ல, ஊழியர்களோட நாள். இப்போ நம்ம வீடுகளை நினைச்சு பாருங்க, நாமளும் தெரியாம இதை செய்யுறோம். எங்க வீட்டில அண்ணனுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா திங்கட்கிழமைன்னு ஒண்ணு இல்ல. எல்லா நாளும் ஒரே நாள் தான். வேலைக்கு போறவனுக்கு தானே லீவு.

2006ல ஐநா சபை மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான உடன்படிக்கையை கொண்டு வந்துச்சு, அதுல 19வது பிரிவு நேரடியா இதை பத்தி தான், எங்க யாரோட வாழணும்னு தேர்ந்தெடுக்குற உரிமை, சமூகத்துல ஒருத்தரா சேர்ந்து வாழுற உரிமை, ஊருக்கு பொதுவா இருக்குற வசதி எல்லாம் இவங்களுக்கும் கிடைக்கணும்ங்கறது. சட்டம் கதவை திறந்து விடும். உள்ள வந்தவருக்கு இடம் குடுக்குறது அங்க ஏற்கனவே உக்காந்திருக்குற நாம தான்.

சரி, கிரவுண்டுக்கு வருவோம். காய்ச்சல் சரியாகி அண்ணன் திரும்ப போனப்போ நானும் கூட போனேன். அங்க வழக்கமா நடுவரா நிக்குற பையன்கிட்ட, இவருக்கு ஏதாவது ஒரு வேலை குடுக்க முடியுமா, சும்மா பேருக்கு வேண்டாம், இல்லன்னா ஆட்டம் நடக்காதுங்கற மாதிரி ஒண்ணுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு ஸ்கோர் போர்டு பாக்கட்டும்னான். அட்டை புரட்டுற போர்டு, பத்துக்கு ஒரு அட்டை, ஒண்ணுக்கு ஒரு அட்டை. முதல் நாள் சொதப்பல். 9 வரைக்கும் சரியா போச்சு, 10 ஆக்க ரெண்டு அட்டையையும் புரட்டணும், அங்க நின்னுட்டார். செட் முடிஞ்சு டீமெல்லாம் பக்கம் மாறினதும் இன்னும் குழப்பம், ஏன்னா அவர் தனக்கு பிடிச்ச டீம் எதுவோ அந்த டீமுக்கு எந்த அட்டைன்னு ஞாபகம் வச்சிருந்தார், இப்போ அவங்க எதிர் பக்கம் போயிட்டாங்க. ரெண்டு பேர் கத்தினாங்க. அண்ணன் எழுந்து பெஞ்சுக்கே போய் உக்காந்துட்டார்.

பொதுவா இந்த இடத்துல தான் எல்லாரும் "பாவம், அவரால முடியாது, விடுங்க"ன்னு முடிச்சுக்குவாங்க. நானும் முடிச்சிருப்பேன். அந்த பையன் முடிக்கல. மறுநாள் 0ல இருந்து 30 வரைக்கும் ஒரு நம்பருக்கு ஒரு அட்டைன்னு ரெண்டு கட்டு எழுதி கொண்டு வந்தான், இனிமே எப்பவும் ஒரு அட்டை தான் புரட்டணும். அப்புறம் அண்ணன் பக்கத்துல உக்காந்து சொன்னான், அண்ணா, டீமை பாக்காதீங்க, என் கையை பாருங்க. விசில் கேட்டா நிமிருங்க, கை எந்தப் பக்கம் நீளுதோ அந்தப் பக்கம், ஒரு அட்டை, கையை மடியில வைங்க. நாலே நாலு படி. பத்து நாள்ல அண்ணன் பிசகாம பண்ண ஆரம்பிச்சார். அண்ணன் அதே அண்ணன் தான், மாறினது போர்டு.

1970கள்ல அமெரிக்காவுல மார்க் கோல்டுன்னு ஒரு ஆசிரியர் கிட்டத்தட்ட இதையே செஞ்சு காட்டினார். எதுக்கும் லாயக்கில்லைன்னு முத்திரை குத்தின ஆட்களுக்கு சைக்கிள் பிரேக்கை பூட்ட கத்துக்குடுத்தார், 15 பாகம் இருக்குற பிரேக், நம்மள்ல பாதி பேருக்கு வராது. வேலையை குட்டி குட்டி படியா உடைச்சு, பாகங்களை வரிசையா அடுக்கி வச்சு, தப்பா எடுத்தா "இல்ல, தப்பு"ன்னு சொல்லாம "வேற மாதிரி பண்ணி பாருங்க"ன்னு மட்டும் சொல்லி. ஒருத்தர் கத்துக்கலைன்னா சொல்லிக்குடுக்குற முறையை மாத்தணும்ங்கறது தான் அவரோட பிடிவாதம். எனக்கு இது ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா சின்ன வயசுல அண்ணனுக்கு செருப்பு வார் போட கத்துக்குடுக்குறேன்னு நான் எத்தனை தடவை தப்பு தப்புன்னு கத்தியிருக்கேன்னு எனக்கு தான் தெரியும்.

விளையாட்டுன்னு பேசுறப்போ ஒண்ணு சொல்லிடுறேன். 1968ல சிகாகோவுல ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தொடங்குச்சு, யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கினது, அவங்க சொந்த அக்காவுக்கே அறிவுசார் குறைபாடு இருந்துச்சு. நல்ல முயற்சி தான், ஆனா எனக்கு அதை விட பிடிச்சது பிற்பாடு அவங்க கொண்டு வந்த யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ், குறைபாடு இருக்குறவங்களும் இல்லாதவங்களும் ஒரே டீம்ல சேர்ந்து ஆடுறது. வருஷத்துல ஒரு நாள் மேடை போட்டு மெடல் குடுத்து கைதட்டி அனுப்புறதை விட செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேர்ந்து ஆடி தோத்து திட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வர்றது மேல்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது பேச்சு. நிறைய பேர் என்கிட்ட கேக்குறது இது தான், அவங்ககிட்ட எப்படி பேசுறதுன்னு தெரியல, அதனால ஒதுங்கிடுறோம்னு. ரொம்ப கஷ்டமான வித்தை எல்லாம் இல்ல, ஒரே ஒரு விஷயம் தான் கஷ்டம், அது காத்திருக்குறது. போன வருஷம் அண்ணனை ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன், காதுல ஏதோ தொந்தரவு. டாக்டர் என்னை பார்த்து "இவருக்கு எங்க வலிக்குது?"ன்னு கேட்டார். அண்ணன் எனக்கும் டாக்டருக்கும் நடுவுல உக்காந்திருக்கார். வழக்கமா நான் பதில் சொல்லிடுவேன், அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு அண்ணனை பார்த்தேன். மனசுக்குள்ள எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு... டாக்டர் பேனாவை தட்டுறார், எனக்கு வேர்க்குது. ஒன்பது எண்ணும்போது அண்ணன் இடது காதை தொட்டு "உள்ள தண்ணி சத்தம், படுத்தா"ன்னார். படுத்தாங்கறது எனக்கே தெரியாது. அவ்வளவு வருஷமா நான் எத்தனை பதிலை முந்திக்கிட்டு சொல்லி அவர் வாயை அடைச்சிருப்பேன்.

ஒரு கேள்வி கேட்டா ஒரு பத்து எண்ணுங்க. ஒரு நேரத்துல ஒரு கேள்வி. சின்ன வாக்கியம். "அப்படி இல்லன்னா இப்படி, ஆனா அது வேண்டாம்னா"ன்னு சுத்தி வளைக்காதீங்க. எது கேட்டாலும் ஆமாம்னு தலையாட்டுறவங்க நிறைய பேர் உண்டு, எதிர்ல இருக்குறவரை சந்தோஷப்படுத்தணும்னு சின்ன வயசுல இருந்தே பழகினது அது, அதனால "பிடிச்சிருக்கா?"ன்னு கேக்குறதுக்கு பதிலா ரெண்டையும் முன்னாடி வச்சு எதுன்னு கேளுங்க, சந்தேகமா இருந்தா கொஞ்ச நேரம் கழிச்சு வரிசையை மாத்தி திரும்ப கேளுங்க. பேச்சே வராதவங்களும் படம், சைகை, பார்வைன்னு ஏதாவது ஒரு வழியில சொல்லிக்கிட்டு தான் இருக்காங்க, கூட இருந்து பழகினா பிடிபடும்.

அப்புறம் இந்த நீ, நீங்க. இது நம்ம மொழியில பளிச்னு தெரியுற விஷயம். கவுன்ட்டர்ல இருக்குறவங்க, பக்கத்து சீட்டு ஆளு, முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் 33 வயசு என்னை நீங்கன்னு சொல்றாங்க, 38 வயசு அண்ணனை "நீ"ன்னு சொல்றாங்க, கன்னத்தை தட்டி "என்னடா கண்ணா சாப்டியா"ங்கறாங்க. அன்போட தான், எனக்கு தெரியும். ஆனா அந்த ஒரு எழுத்துல அவரை பெரியவங்க வரிசையில இருந்து எடுத்து குழந்தைங்க வரிசையில வச்சுடுறாங்க. அந்த வாலிபால் பையன் "அண்ணா, நீங்க பாருங்க"ன்னு சொன்னப்போ அண்ணன் முதுகை நிமிர்த்தி உக்காந்ததை நான் பார்த்தேன். அவர்னு எழுதுறேன்னு சொன்னதுக்கு காரணம் இது தான்.

வார்த்தைகளும் அப்படித்தான். ஒரு காலத்துல டாக்டர் எழுதின வார்த்தையெல்லாம் பிற்பாடு தெருவுல திட்டுற வார்த்தை ஆயிடுச்சு. 1974ல அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல அறிவுசார் குறைபாடு இருக்குறவங்களே கூடி ஒரு மாநாடு நடத்தினாங்க, பேர் பீப்பிள் ஃபர்ஸ்ட், எங்களை முதல்ல மனுஷங்களா பாருங்கன்னு அர்த்தம், பல நாடுகளுக்கு அது பரவுச்சு. 2010ல அமெரிக்க மத்திய சட்டங்கள்ல இருந்தே மென்டல் ரிடார்டேஷன்ங்கற பழைய வார்த்தையை எடுத்துட்டு இன்டலெக்சுவல் டிசபிலிட்டின்னு மாத்தினாங்க. தமிழ்லயும் மனவளர்ச்சி குன்றியவர்ங்கறது போய் அறிவுசார் குறைபாடு உடையவர்னு வந்துட்டு இருக்கு. எது சரின்னு தெரியலைன்னா அவர் பேரை சொல்லி கூப்பிடுங்க.

பாதுகாப்பு பத்தி பேசாம விட முடியாது, பெத்தவங்க மனசு முழுக்க அது தான். வெளிய விட்டா யாராவது ஏமாத்துவாங்க, தொடக்கூடாத மாதிரி தொடுவாங்க, தொலைஞ்சு போயிடுவார். இந்த பயம் நியாயமானது, இவங்களுக்கு எதிரான கொடுமைகள் மத்தவங்களுக்கு நடக்குறதை விட அதிகம், அது உண்மை. ஆனா அதுல நிறைய நடக்குறது பூட்டின கதவுக்கு உள்ள, தெரிஞ்ச ஆட்களால. பத்து பேருக்கு தெரிஞ்சவரா இருந்தா, ஒரு நாள் அவர் முகம் வாடியிருந்தா அந்த பத்துல ஒருத்தராவது கவனிப்பார். அதனால உடம்பு பத்தியும் வேண்டாம்னு சொல்றது பத்தியும் சொல்லிக்குடுக்கணும், கூச்சப்படாம, திரும்ப திரும்ப. 1972ல ராபர்ட் பெர்ஸ்கேங்கறவர் ரிஸ்க் எடுக்குறதுலயும் ஒரு கண்ணியம் இருக்குன்னு எழுதினார். அண்ணன் முதல் தடவை தனியா கிரவுண்டுக்கு நடந்து போனப்போ நான் அம்பது அடி பின்னாடி மறைஞ்சு மறைஞ்சு போனேன், மறுவாரம் பாதி வழி வரைக்கும் மட்டும், அதுக்கடுத்த வாரம் வாசல்ல நின்னேன். ஒரு நாள் தப்பான திருப்பத்துல திரும்பிட்டார், அங்க ஒரு அக்காகிட்ட வழி கேட்டு வந்து சேர்ந்தார். வழி கேக்க தெரியும்ங்கறதே அன்னைக்கு தான் எங்களுக்கு தெரிஞ்சுது.

முடிவு எடுக்குறதும் இதே கதை தான். பழைய முறையில ஒரு கார்டியன், அவர் தான் எல்லாம், இவர் கையெழுத்துக்கு கூட மதிப்பில்ல. ஐநா உடன்படிக்கையோட 12வது பிரிவு சட்டத்துக்கு முன்னாடி இவங்களும் சமம்ங்குது, முடிவு எடுக்க துணை வேணும்னா அந்த துணையை குடுங்கன்னு சொல்லுது. படம் போட்டு எளிய வார்த்தையில எழுதின ஈஸி ரீட் படிவங்கள் அதுக்கு தான். சின்னதுல இருந்து ஆரம்பிக்கலாம், எந்த சட்டை, எந்த சேனல், யார் கூட போகணும். சட்டை கூட தேர்ந்தெடுக்காதவர்கிட்ட திடீர்னு பெரிய முடிவை கேட்டா முழிக்கத்தான் செய்வார்.

அம்மா ராத்திரியில படுத்துக்கிட்டு கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, எனக்கு அப்புறம் யாருன்னு. இப்படி ஒரு பிள்ளை இருக்குற எல்லா வீட்டிலயும் இந்த கேள்வி இருக்கும். 1980கள் தொடக்கத்துல அமெரிக்காவுல டவுன் சிண்ட்ரோம் இருக்குறவங்களோட சராசரி ஆயுள் 25 வருஷம் தான், இப்போ கிட்டத்தட்ட 60, அதுல பெரிய பங்கு இதய அறுவை சிகிச்சைக்கு. அதாவது நல்ல வைத்தியம் கிடைச்சா நிறைய பேர் அப்பா அம்மாவுக்கு அப்புறமும் வாழப்போறாங்க. நான் இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்றேன், ஆனா ஒருத்தி போதாது, நாளைக்கு எனக்கே ஒண்ணு ஆச்சுன்னா. சில நாடுகள்ல ஆதரவு வட்டம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அவருக்கு பிடிச்ச அஞ்சாறு பேர், சம்பளம் இல்லாம, மாசம் ஒரு தடவை அவரோட உக்காந்து, அடுத்து என்ன பண்ணணும்னு ஆசைப்படுறார், யார் எதுல கூட நிக்கலாம்னு பேசுறது. கனடாவுல இது நல்லா வளர்ந்துச்சு. நாங்களும் இப்போ மெதுவா ஆரம்பிச்சிருக்கோம், நடுவரா நிக்குற அந்த பையன் அதுல ஒருத்தன். யாரை கூப்பிடலாம்னு அண்ணன்கிட்ட கேட்டப்போ அவர் சொன்ன முதல் பேரே அது தான், என் பேர் மூணாவதா வந்துச்சு, கொஞ்சம் வலிச்சாலும் சந்தோஷமா இருந்துச்சு.

நீங்க ஒரு குழு நடத்துறீங்க, நடைப்பயிற்சியோ பாட்டோ நூலகமோ எதுவோ, அங்க இப்படி ஒருத்தர் ஓரமா உக்காந்திருக்கார்னா கூட வந்தவங்களை கேக்காம அவர்கிட்டயே பேர் கேளுங்க, பத்து எண்ணுங்க. அப்புறம் அந்த குழுவுல நிஜமாவே தேவைப்படுற ஒரு சின்ன வேலையை கண்டுபிடிங்க, சாவி வச்சுக்குறது, வருகை எழுதுறது, நாற்காலி போடுறது. முதல் வாரம் சொதப்பும். போர்டை மாத்துங்க.

போன மழைக்காலத்துல அண்ணனுக்கு திரும்பவும் காய்ச்சல். ரெண்டாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என் போன் அடிச்சுது, அக்கா, அண்ணா ஏன் வரல, இங்க ஸ்கோர் தப்பு தப்பா போகுதுன்னு ஒருத்தன். அடுத்து இன்னொருத்தன். மூணாவது ஆள் வீட்டுக்கே வந்துட்டான். இப்போ ஒரு மாசமா கிரவுண்டுக்கு புதுசா ஒரு பையன் வர்றான், 16 வயசு, அவனுக்கும் அறிவுசார் குறைபாடு இருக்கு, அவனோட அம்மா கொண்டு வந்து விட்டாங்க. முதல் நாள் அவன் நேரா போய் அந்த பெஞ்சுல உக்காந்தான். அண்ணன் போய் அவன் கையை பிடிச்சு கூட்டிட்டு வந்து போர்டு பக்கத்துல உக்கார வச்சுட்டு, அதே நாலு படியை அதே வரிசையில சொல்லிட்டு இருந்தார். விசில். பாரு. கை எந்தப் பக்கம். ஒரு அட்டை. அவன் ரெண்டு அட்டையை புரட்டிட்டான், அண்ணன் ஒண்ணை எடுத்து திரும்ப வச்சுட்டு அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு பேசாம காத்துக்கிட்டு இருந்தார்.